குதிரைப் பாதை போட்டால் வருகிறேன் என்றவர்

மதுரையில் இருக்கும் என் மகனுக்கு, மலையிலிருந்து உன் அப்பா எழுதுவது.

நீ எழுதியது சந்தைக்குப் போய்வந்தவர்கள் கையில் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நீயும் மருமகளும் தனிவீடு பார்த்துக் குடியேறிவிட்டதையும், முன்னறையிலேயே நீ வைத்தியம் பார்க்க ஆரம்பித்திருப்பதையும் அறிந்தோம். உன் அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை நான் கடைசிப் பகுதியை விட்டுவிட்டேன். “மொதல்ல இன்னுங் கொஞ்சம் இருந்துச்சே” என்றாள். அவளிடம் எதையும் மறைக்க முடிவதில்லை. அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். தெற்கே புதிதாகக் காடு திருத்தி ஏலக்காய் பயிரிட்டிருக்கும் ஊர்களுக்கு நம் குதிரைப் பாதையை நீட்டி, அங்கே ஒரு லாயம் கட்டி, ஏறிப் பழக ஒரு திடலும் வெட்டலாம் என்று யோசிக்கிறோம். அது முடிந்தால் மாதத்தில் ஓரிரு நாளாவது வந்து போவாயா என்று ஊர்க்காரர்கள் சார்பில் கேட்டிருந்தேன். இந்தக் காலத்தில் குதிரைக்கென்று பாடுபடாதீர்கள், குமுளிக்கே மோட்டார் வந்துவிட்டது, நம் பக்கமும் ரோடு வரட்டும், வந்ததும் வருகிறேன் என்று பதில் எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட இதே பதிலை நீ பிறப்பதற்கு முன்னால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டவன் நான். அந்தக் கதையின் ஓரங்கள் உனக்குத் தெரியும். நடுப்பகுதியை யாரும் உனக்குச் சொன்னதில்லை.

உன் பெரியப்பாவைக் குதிரைக்காரராக மட்டுமே உனக்குத் தெரியும். அவருக்கு ஒரு மனைவி இருந்தார். பெயர் பேச்சியம்மாள். நானும் அண்ணனும் கம்பத்திலிருந்து ஏறிவந்து உடும்பஞ்சோலைக்குத் தெற்கே இந்தச் சரிவை வாங்கியபோது எங்களோடு வந்தவர். முதல் பிரசவத்தில் வலி கண்டு, நாள் ஒன்று கடந்தும் குழந்தை இறங்கவில்லை. டோலி கட்டிக் கம்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அது ஆடி மாதம். சாரல் விடவே இல்லை. அப்போதிருந்த வழி ஒற்றையடிப் பாதைகூட இல்லை. சுமை தூக்குகிறவர்கள் கால் வைத்துக் கால் வைத்து உண்டான படிகள், அவ்வளவுதான். தூக்கியவர்கள் மாறி மாறி வழுக்கி விழுந்தார்கள். பாதி இறக்கத்தில் டோலிக்குள் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, “கீழ எறக்கி வையுங்கப்பா” என்று மட்டும் சொன்னார். திரும்பி மேலே ஏறுவதா, கீழே போவதா என்று யாருக்கும் தெரியவில்லை. மேலேயே கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு பல மாதங்கள் அண்ணன் காட்டுவேலைக்குத் தேவையான பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை.

மழை நின்றதும் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போனார். அங்கே தனியாக வைத்தியசாலை நடத்திவந்த டாக்டர் ஒருவர் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல கனத்த உடம்பு, கோட்டும் தலைப்பாகையும். வாரத்தில் ஒருநாள் மலைக்கு வந்து போக முடியுமா என்று அண்ணன் கேட்டார். டாக்டர் யோசித்துப் பதில் சொன்னார். “என்னால நடந்து ஏற முடியாது. டோலியில வரலாம்னா, எனக்காக நாலு பேர் தோள் தேயறதை நான் உட்கார்ந்து பார்த்துண்டு வரணும். அது என்னால ஆகாது. குதிரை போற மாதிரி ஒரு பாதை மட்டும் இருந்தா, நீங்க கூப்பிடவே வேண்டாம், நானே வருவேன்.” வெளியே வந்ததும் நான் அண்ணனிடம், முடியாது என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார் என்றேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அவுக முடியாதுன்னு சொல்லலையே. பாதை வேணும்னுல்ல சொன்னாக” என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, புரிந்தும் புரியாததுபோல் எடுத்துக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீ மனிதர்களோடு தொழில் செய்கிறவன். ஒருவர் சொல்கிற காரணம் நல்ல காரணமாக இருந்தால், அது உண்மையா என்று குடைந்து பார்ப்பதைவிட, அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு நடப்பதில் நஷ்டம் குறைவு என்பதை நான் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஏலக்காய் காயவைக்கும் எங்கள் ஸ்டோரில் கூட்டம் போட்டோம். சுற்றுப்பட்டு விவசாயிகள், சரக்கு எடுக்கும் கம்பத்து வியாபாரிகள் இரண்டு பேர், சுமை தூக்கும் ஆட்களின் தலைவர் சடையாண்டி. முதலில் பேச்சு நன்றாகவே போயிற்று. பாதையை எங்கே எடுப்பது, லாயத்தை எந்த மேட்டில் கட்டினால் அட்டை கடிக்காது, புலி ஏறாத உயரத்துக்குச் சுவர் வைக்க முடியுமா, தண்ணீர்த் தொட்டியைக் கல்லில் செய்வதா மரத்தில் குடைவதா என்றெல்லாம் ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்களில் ஒருவரும் அதுவரை குதிரை வளர்த்ததில்லை என்பது அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. வியாபாரிகள் தாராளமாகச் சந்தா எழுதுவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் சடையாண்டி எழுந்தார்.

“குதுரைக்கு வழி போடுங்க, நல்லது. இன்னைக்கு அதுல டாக்டரு ஏறுவாரு. நாளைக்கு அதுல ஏலக்கா மூட்டை ஏறும். அன்னைக்கு நாங்க எங்கிட்டுப் போறது?”

வியாபாரிகள் தரையைப் பார்த்தார்கள். அவர் சொன்ன அந்த மூட்டைக்காகத்தான் அவர்கள் சந்தா எழுத வந்திருந்தார்கள். அண்ணன், “மூட்டை ஏறாது” என்றார். “யாரு சொன்னா?” என்று ஒரு வியாபாரி கேட்டார். “நாந்தேன் சொல்றேன். ஆளு ஏறுற குதுரை மட்டும் போகும். சொமை எப்பவும் போல தலையிலதேன்.” வியாபாரிகள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் போனபிறகு, இனி இது நடக்கிற காரியம் இல்லை, விட்டுவிடுவோம் என்று சொன்னவன் நான். என்னோடு பாதிப் பேர் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் வாதாடவில்லை. மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினார். சாயங்காலம் சடையாண்டி தன் ஆட்களில் சிலரோடு அவர் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் நாங்கள் எல்லாரும் இறங்கினோம்.

பாதையின் போக்கைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. யானை எந்தச் சரிவில் நடக்கிறதோ அதுதான் மூச்சு வாங்காத சரிவு. யானைத்தாரை என்கிற அந்தத் தடத்தை ஒட்டியே வெட்டிக்கொண்டு போனோம். படி என்று ஒன்றுகூட வைக்கவில்லை. குதிரைக்குப் படி ஆகாது என்று யாரோ சொன்னார்கள். காட்டிலாகாவின் அனுமதி கேட்டுத் தாலூக்கு கச்சேரிக்கு அண்ணன் எத்தனை நடை நடந்தார் என்பது வேறு கதை. அங்கே பேசுகிற மலையாளம் அவருக்குப் பாதிதான் புரியும். இல்லை என்ற சொல் மட்டும் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. இரண்டு மழைக்காலம் பாதையை அரித்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது மழைக்கு அது நின்றது. லாயத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே புல் வேய்ந்தோம். மதுரையில் ஒரு ஜட்கா வண்டிக்காரர் தொழிலை விடுகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடமிருந்து ஒரு மட்டக்குதிரையை வாங்கிவந்தோம். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு ஊரிலிருந்து கம்பம்வரை நடந்தே இறங்கினார். நானும் சடையாண்டியும் கூடப் போனோம். டாக்டர் வீட்டு வாசலில் குதிரையை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டோம்.

டாக்டர் வெளியே வந்து குதிரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணன் பழைய பேச்சை நினைவுபடுத்தியதும்தான் தெரிந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், நாங்கள் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை. “நான் ஜன்மத்துல குதிரை மேல ஏறினதில்லை” என்றார். “அன்னிக்கு உங்களை எப்படி அனுப்பறதுன்னு தெரியாம ஒரு வார்த்தை சொன்னேன். நீங்க இப்படிப் போய்ப் பாதை போடுவேள்னு நினைக்கலை.” சடையாண்டி என்னைப் பார்த்தார். எனக்கு, நான் அன்றே சொன்னேன் பார்த்தாயா என்று அண்ணனிடம் கேட்கத் தோன்றியது. நல்லவேளையாகக் கேட்கவில்லை.

“நாங்களும் ஏறுனதில்லைங்க” என்றார் அண்ணன். “வாங்க, சேந்து பழகுவோம்.”

அந்த மனிதர் வந்தார். இதை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர் வந்திருக்கத் தேவையில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டிருந்தால் நாங்கள் திரும்பி வந்திருப்போம். நாங்கள் பாதையையும் லாயத்தையும் யோசித்தோமே தவிர, ஏறிப் பழக ஒரு இடம் வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. லாயத்துக்குப் பக்கத்தில் இருந்த மேட்டைச் சமப்படுத்தி, ஏலச் சருகும் வைக்கோலும் பரப்பி ஒரு திடல் செய்தோம். டாக்டர் முதல் முறை டோலியில்தான் வந்தார், கண்ணை மூடிக்கொண்டு. முதலில் அண்ணன் ஏறினார், விழுந்தார். பிறகு டாக்டர் ஏறினார். குதிரை நாலு எட்டு நடந்து திரும்பியதும் மூட்டை சரிவதுபோல் சரிந்து விழுந்தார். ஊரே நின்றுகொண்டிருந்தது. ஒரே ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. அது உன் அம்மா. அப்போது அவள் புதுப்பெண். டாக்டர் சருகைத் தட்டிக்கொண்டு எழுந்து, “யாரம்மா சிரிச்சது? விழறது அவ்வளவு வேடிக்கையா?” என்றார். உன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “அதுக்கில்லைங்க. நாங்க விழுந்தா நீங்க பாப்பீக. நீங்க விழுந்தா உங்கள யாரு பாக்குறது?” என்றாள். டாக்டர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அது சரியான கேள்வி என்று சொல்லி இன்னும் இரண்டு கட்டு வைக்கோல் பரப்பச் சொன்னார். அந்தத் தையில் பழக ஆரம்பித்தவர், பங்குனியில், அண்ணன் கம்பத்தில் கொண்டுபோய் விட்ட குதிரையில் தனியாகக் கீழிருந்து ஏறிவந்தார்.

அந்தக் குதிரை வண்டியில் ஓடிய குதிரை அல்லவா, வழியில் ஆள் நின்றால் தானாக நின்றுவிடும். சவாரி ஏறப்போகிறார்கள் என்று அதற்கு நினைப்பு. அடித்தாலும் நகராது; நிற்கிறவர் விலகிப் போனால்தான் அதுவும் போகும். இது மலையெங்கும் தெரிந்துவிட்டது. காய்ச்சல்காரர்கள், புண் உள்ளவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் எல்லாரும் பாதையோரம் வந்து நின்றுகொண்டார்கள். டாக்டர் பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டியதாயிற்று. காலையில் கிளம்பியவர் எங்கள் ஊருக்கு வந்து சேரப் பொழுது சாயும். ஆரம்பத்தில் சலித்துக்கொண்டார். பிறகு பெட்டியைச் சேணத்தின் முன்பக்கம் மாட்டிக்கொண்டு, மேலே உட்கார்ந்தபடியே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கப் பழகிவிட்டார்.

இதனால் மலையில் சாவு நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நீ வைத்தியம் படித்தவன், நம்பவும் மாட்டாய். அவர் வந்தும் செத்தவர்கள் உண்டு; வாந்திபேதி வந்த வருஷம் அவரால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். கரடி பிடுங்கிய ஒருவன் முகத்தை அவர் தைத்துச் சரியாக்கினார். அதே மாதம் சாதாரணக் காய்ச்சல் என்று அவர் சொல்லிவிட்டுப் போன குழந்தை மறுநாள் போய்விட்டது. அந்த வீட்டுக்கு அடுத்த முறை அவர் குதிரையை விட்டு இறங்கித் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு போனார். நீ நல்லபடியாகப் பிறந்ததற்கும் அவரே காரணம் என்று உன் பெரியப்பா உன்னிடம் சொல்லிவந்தார். அது சரியில்லை. ஆள் அனுப்பி அவர் வந்து சேர்வதற்குள் ஊர் மருத்துவச்சி கையில் நீ பிறந்து, பால் குடித்துத் தூங்கிப்போயிருந்தாய். அவர் உன்னைப் பார்த்தார், காப்பி குடித்தார், களைப்பில் ஸ்டோரிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அவர் வந்துகொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில்தான் பெற்றேன் என்று உன் அம்மா சொல்கிறாள். அதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

டாக்டருக்கு முழங்கால் போன பிறகு வருகை குறைந்தது. நீ சென்னைக்குப் படிக்கப் போனபோது அவர் படுத்த படுக்கை. நீ படித்து முடிப்பதற்குள் அவரும் போய், உன் பெரியப்பாவும் போய்விட்டார். அந்த வருஷமே ஏலக்காய் மூட்டை ஏற்றிய கோவேறு கழுதைகள் நம் பாதையில் வந்தன. தடுக்கலாம் என்று நானும் சிலரும் போய் நின்றோம். வியாபாரிகளின் பிள்ளைகள் எங்களை மரியாதையாகவே கேட்டார்கள்: பாதை யாருக்குச் சொந்தம்? நாங்கள் விலகி வழிவிட்டோம். சடையாண்டியின் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். சடையாண்டி மட்டும் போகவில்லை. நான் அவரைப் பார்க்கப் போனேன். அவரே பேச்சை எடுத்தார்: “உங்கண்ணன் சொன்னது பொய்யில்ல. அந்தப் பேச்சு அவுக ஆயுசு மட்டுக்கும் வந்துச்சு. அம்புட்டுத்தேன்.” அதில் குறை சொல்லும் தொனிகூட இல்லை. ஒரு ஆளின் குணத்தை நம்பி ஒரு ஏற்பாடு செய்தால், அந்த ஏற்பாட்டுக்கும் அந்த ஆளுக்கு உள்ள அதே ஆயுசுதான். இதை நான் காலங்கடந்து புரிந்துகொண்டேன். நீ ஆஸ்பத்திரி கட்டினாலும் சரி, குடும்பம் கட்டினாலும் சரி, இதை மறக்காதே.

அதனால் இந்தமுறை வேறுமாதிரி யோசித்திருக்கிறோம். தெற்குப் பாதையில் குதிரைகளை வைத்து நடத்தும் உரிமை சுமைக்காரர்களின் குடும்பங்களுக்கே என்று முதலிலேயே பேசி முடித்தாயிற்று. மூட்டை ஏறினாலும் கூலி அவர்களுக்கு. ஆள் ஏறினாலும் கூலி அவர்களுக்கு. நோயாளியும் வைத்தியரும் ஏறினால் கூலி கிடையாது. சடையாண்டியின் மூத்த மகன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்துவிட்டான். லாயத்துக்கு அஸ்திவாரம் மட்டும் தோண்டியாயிற்று. திடலை முதலிலேயே வெட்டுகிறோம், லாயத்துக்குச் சுவர் எழுப்பும் முன்பே. மோட்டார் ரோடு வரும் என்பதை நாங்களும் அறிவோம். வந்தால் பாதையை அகலப்படுத்திக்கொள்ளட்டும். வரும்வரை பிள்ளை பெறாமல் இருங்கள் என்று இங்குள்ள பெண்களிடம் சொல்ல முடியாது.

உன் பதிலை நான் ஊர்க் கூட்டத்தில் படிக்கவில்லை. வருவதற்கு அவனுக்குத் தோதுப்படாது என்று மட்டும் சொன்னேன். இரண்டொருவர் முகம் வாடிற்று. உன்னை எல்லாரும் தூக்கி வளர்த்தவர்கள், எதிர்பார்த்துவிட்டார்கள். அது அவர்கள் பிசகு, என் பிசகும்கூட. உன்னை நான் மலைக்காகப் படிக்கவைக்கவில்லை. உனக்குப் படிப்பு வந்தது, படிக்கவைத்தேன். அதற்கு நீ யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை.

கூட்டம் முடிந்து நானும் சடையாண்டியின் மகனும் உத்தமபாளையம் போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர் புதிதாக வந்திருக்கிறார். நாகர்கோவில் பக்கம். சின்ன வயதுதான், உன்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். கேட்டதும், “எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. கடிக்குமா?” என்றார். பொய் சொல்லி அழைத்துப் போகக் கூடாது என்று, “சிலது கடிக்குங்க” என்றேன். “சரி, கடிக்காததாப் பார்த்து வாங்குங்க. சேலையோட ஏறி உட்கார முடியுற மாதிரி ஒரு சேணமும் வேணும். மழை விட்டதும் வாறேன்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சேணத்தை எப்படித் தைப்பது என்றே பேசிக்கொண்டு வந்தோம். உன் அம்மா தன் பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஸ்டோர் வாசலில் கிடக்கும் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து அளவு காட்டினாள்.

ஆகவே உனக்கு நான் எழுத வந்தது இதுதான். மலையைப் பற்றி உன் மனதில் பாரம் இருந்தால் இறக்கி வைத்துவிடு. மதுரையிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். வருகிறவர்களிடம் முடிந்ததை முடியும் என்று சொல், முடியாததை முடியாது என்றே சொல்; நடுவில், பாதை இருந்தால் வருகிறேன் என்பதுபோல் ஒன்றைச் சொல்லிவைக்காதே, உன்னிடம் வருகிறவர்களிலும் அதை அப்படியே நம்பிவிடும் உன் பெரியப்பாவைப் போல ஒருவர் இருக்கக்கூடும். மாசி மாதம் இங்கே தரை காய்ந்து நன்றாக இருக்கும், காயும் எடுத்து முடிந்திருக்கும். அப்போது மருமகளை அழைத்துக்கொண்டு வா. வைத்தியப் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம். கம்பத்து அடிவாரத்துக்கு அவளுக்காகக் குதிரை அனுப்புகிறேன். நீ நடந்து வா.